பூச்சுக்காரர் முதலில் ஏறட்டும்: பழைய சிற்றாலயங்களில் நிலநடுக்க வலுவூட்டலும் சுண்ணாம்பு வேலையும்

நூறு வருடப் பழைய சிற்றாலயம் (சின்னக் கிறிஸ்தவ தேவாலயம்) ஒன்றில் சாரம் கட்டி, சீலிங்குக்கு ஆள் உயரம் கீழே பலகை பரப்பி ஏறி நிற்கும்போதுதான் அந்தக் கூரையின் உண்மை நிலை தெரியும். கீழே நின்று பார்க்கையில் ஒரே கல்லில் செதுக்கியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது, கிட்டே போனதும் மயிரிழை விரிசல்களாகவும் பழைய ஒட்டுகளாகவும் பிரிகிறது. பூச்சுக்காரர் விரலை மடக்கி மொட்டியால் தட்டிக்கொண்டே போகிறார். டக், டக், டக். பிறகு ஓரிடத்தில் ‘தொப்’. மண்பானையைத் தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இங்கும் வேலை செய்கிறது. தொப்பென்ற இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து மெதுவாக மேலே அழுத்துகிறார். பூச்சு ஒரு மில்லிமீட்டர் மேலே போய், கையை எடுத்ததும் இறங்குகிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

நாள் முடிவில் அந்த வட்டங்கள் எல்லாம் ஒரு தாளில் ஏறும். அதுதான் இந்தச் சீலிங்கின் மருத்துவ அறிக்கை. நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி கட்டடத்தை வலுப்படுத்தும் திட்டங்களில் இந்தத் தாள் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. பொறியாளர் கணக்குப் போட்டு, எஃகு எங்கே, போல்ட் எங்கே என்று வரைந்து, ஒப்பந்தம் விட்ட பிறகு, “அலங்கார வேலையைப் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம்” என்று ஒரு வரி. அந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் என் கட்சி. பூச்சு என்பது கட்டடத்துக்குப் போட்ட சட்டை அல்ல. எங்கே துளைக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து துளைக்கலாம், எந்த முறை இந்தக் கட்டடத்துக்கு ஆகவே ஆகாது என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியதே அந்தப் பூச்சின் நிலைதான்.

காரணம் எளிது. நிலநடுக்கப் பொறியாளர் பழைய கட்டடத்தைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது. சுண்ணாம்புக் கொத்தனார் பழைய சீலிங்கைப் பார்த்துக் கேட்பதும் அதே கேள்விதான். முன்னவர் டன் கணக்கில் கேட்கிறார், பின்னவர் கிலோ கணக்கில் கேட்கிறார்.

சுவர் தனி, கூரை தனி

செங்கல்லோ கல்லோ வைத்து, உள்ளே கம்பி எதுவும் இல்லாமல் கட்டிய சுவர் தன் எடையைத் தரைக்கு இறக்குவதில் கெட்டி. நூற்றாண்டுக் கணக்கில் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் ஆட்டினால்தான் அதன் பலவீனம் தெரியும். சிற்றாலயம் என்ற கட்டட வகைக்கோ இந்தப் பலவீனம் பிறவியிலேயே அமைந்தது. நீளமான, உயரமான ஒற்றைக் கூடம். நடுவில் தளம் கிடையாது, குறுக்குச் சுவர் கிடையாது. பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஜன்னல்கள். இரு முனைகளிலும் முக்கோண உச்சி வைத்த முகப்புச் சுவர். அந்த முக்கோணத்தின் மேல்பகுதியைப் பின்னாலிருந்து பிடிக்க மரக்கூரையின் சில சட்டங்களைத் தவிர ஒன்றும் இருக்காது. தரை ஆடும்போது எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. மேல்விளிம்பில் அவை விலகும், நெருங்கும். கூரைச் சட்டங்கள் சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தால் நழுவும்.

இந்த விலகலின் முதல் சாட்சி பூச்சுதான். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் நேர்கோட்டு விரிசல், ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே பெருக்கல் குறி போட்டதுபோல் விரிசல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அசைவின் கையெழுத்து. விரிசலின் வயதையும் படிக்கலாம். விளிம்பு மழுங்கி, உள்ளே தூசியும் பழைய பெயின்டும் படிந்திருந்தால் அது எப்போதோ வந்து நின்றுபோனது. விளிம்பு கூராக, உள்ளே வெள்ளை பளிச்சென்றிருந்தால் புதிது. எத்தனை சென்சார் பொருத்தினாலும் கடந்த ஐம்பது வருட அசைவை அவை சொல்லாது, பூச்சு சொல்லும். வலுவூட்டலுக்கு முன்னால் எல்லாப் பூச்சையும் உடைத்துக் கொட்டிவிட்டால் அந்த ஆவணமும் குப்பை வண்டியில் ஏறிவிடுகிறது.

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். நகரத்தின் பழைய செங்கல், கல் கட்டடங்களில் மிகப் பல அந்த நாளிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலுமாகப் போயின. அந்த நிலநடுக்கத்தின் தனித்தன்மை செங்குத்து ஆட்டம். மையத்துக்கு அருகே பதிவான செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஒரு சீலிங்குக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். மேலே தூக்கி எறியப்பட்டுத் திரும்பக் கீழே வரும் அந்த நொடியில், பூச்சைத் தாங்கும் ஒவ்வொரு பிடிமானமும் தன் வழக்கமான சுமையைப்போலப் பல மடங்கைச் சுமக்க வேண்டும்.

இன்னொரு நாள், 1997 செப்டம்பர் 26. இத்தாலியின் அசிசி நகரில் புனித பிரான்சிஸ் பெருங்கோயில். அதிகாலையில் ஒரு நிலநடுக்கம். சேதத்தைப் பார்வையிட முற்பகலில் ஒரு குழு உள்ளே போனது. அவர்கள் உள்ளே இருக்கும்போதே இரண்டாவது நிலநடுக்கம் வந்து, ஓவியம் தீட்டிய வளைவுக் கூரையின் பகுதிகள் இடிந்து விழுந்தன. இரண்டு துறவிகள், இரண்டு வல்லுநர்கள் என நான்கு பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வு சுட்டிய முக்கியக் காரணங்களில் ஒன்று, வளைவுகளின் முதுகில், சுவரோடு சேரும் பள்ளங்களில், நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த கட்டட இடிபாடு. கூரையைப் பழுதுபார்த்தவர்கள் உடைந்த ஓடுகளையும் கற்களையும் கீழே இறக்கச் சோம்பி அங்கேயே தள்ளிவிட்டுப் போன குப்பை அது. யாருக்கும் தெரியாமல் மேலே ஏறிய எடை, ஆட்டம் வந்தபோது வளைவை ஒரு பக்கமாக நெருக்கியது. கீழே விழுந்த சுவரோவியத்தைச் சேர்த்தெடுக்க லட்சக்கணக்கான துண்டுகளைப் பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. இந்தத் துறையில் உள்ளவர்கள் பலர் சீலிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் மேல்பக்கத்தை வாக்வம் கிளீனரால் உறிஞ்சிச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். மலிவான வேலை, அழுக்கு வேலை. ஆனால் அதைவிடப் பயனுள்ள வலுவூட்டல் பல இடங்களில் வேறில்லை.

மூக்கு உடைந்தால் போச்சு

பழைய மரச்சட்டச் சீலிங் எப்படித் தொங்குகிறது என்று பார்ப்போம். சீலிங் சட்டங்களின் அடியில் மெல்லிய மரப்பட்டைகள் வரிசையாக ஆணியடிக்கப்பட்டிருக்கும். நம் தச்சர்கள் ரீப்பர் என்பதைவிட மெல்லியவை, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அகலம். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. சுண்ணாம்புக் கலவையைக் கரண்டியால் அழுத்திப் பூசும்போது அது அந்த இடைவெளி வழியே மேலே பிதுங்கி, பட்டையின் முதுகில் கொக்கிபோல் மடிந்து இறுகுகிறது. ஆங்கிலேயக் கொத்தனார்கள் இதைச் சாவி என்றும் மூக்கு என்றும் அழைத்தார்கள். சீலிங்கின் மொத்த எடையும் இந்த ஆயிரக்கணக்கான மூக்குகளில்தான் தொங்குகிறது. பசை கிடையாது, திருகு கிடையாது.

அந்த எடை சாமானியமில்லை. மூன்று கை பூச்சு, மொத்தம் 25 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் வரும். 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள ஒரு கூடத்தின் சீலிங் என்றால் 8 டன்னுக்கு மேல். அது நம் தலைக்கு எட்டு மீட்டர் உயரத்தில், சுண்டு விரல் நகமளவு மூக்குகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கூரை ஒழுகி மூக்குகள் நனைந்து காய்ந்து நனைந்து பொடிந்திருக்கலாம். மின்கம்பி இழுக்க வந்தவர் மேலே நடந்து மிதித்து உடைத்திருக்கலாம். முந்தைய சின்ன நிலநடுக்கங்கள் உடைத்திருக்கலாம். மூக்கு உடைந்த பிறகும் பூச்சு உடனே விழாது. பக்கத்துப் பகுதிகளோடு ஒட்டிக்கொண்டு, பலகைபோல் தன் விறைப்பிலேயே நிற்கும். பூச்சுக்காரரின் உள்ளங்கையில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கியது அதுதான்.

பூச்சு உடனே பிளக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் முடி. முதல் கை பூச்சில் மாட்டு முடியோ ஆட்டு முடியோ கலந்திருப்பார்கள். இன்றைக்கு கான்கிரீட்டில் இழை கலப்பதற்கு நேர் முன்னோடி. இதில் ஒரு பக்குவம் உண்டு. சுண்ணாம்பின் காரம் நாள்போக்கில் முடியையே தின்றுவிடும். ஆகவே கலவையைப் பல வாரம் புளிக்க வைத்தாலும் முடியைப் பூசுகிற அன்றுதான் சேர்க்க வேண்டும், உதறி உதறி, கட்டியாகாமல். அவசரத்தில் முன்கூட்டியே கலந்து மூட்டை கட்டி வைத்த கலவையில் முடி இருக்கும், பலம் இருக்காது.

ஆல்டார் எனும் பலிபீடத்தின் பக்கத்து அலங்கார வளைவுகள், பூவேலைப்பாடுகள், வட்டப் பதக்கங்கள் பெரும்பாலும் வேறு சாதி. 1856இல் டெசாஷி என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை அது: அச்சில் ஜிப்சத்தை ஊற்றி, சணல் துணியை உள்ளே படியவைத்து, மரச்சட்டம் வைத்து, தொழிற்கூடத்திலேயே மெல்லிய வார்ப்பாகச் செய்து கொண்டுவந்து மாட்டுவது. இலேசானது, வேகமானது. இதைக் கூரையோடு பிடித்திருப்பது ஜிப்சத்தில் தோய்த்த சணல் துணி முறுக்குகள். சணல் காலப்போக்கில் மக்கும். 2013 டிசம்பர் 19 இரவு லண்டன் அப்பல்லோ தியேட்டரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சீலிங்கின் ஒரு பகுதி விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். 1901இல் திறந்த அரங்கு. விசாரணையில் தெரிந்தது, மக்கிப்போன சணல் முறுக்குகள். அன்று அங்கே நிலநடுக்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய ஆட்டம் இல்லாத ஊரில் இப்படியென்றால், ஆடுகிற ஊரில் அந்த முறுக்குகளைப் பார்க்காமல் சுவருக்கு மட்டும் எஃகு போட்டு என்ன பயன்?

கார்னிஸ் என்ற போர்க்களம்

இப்போது மோதல் நடக்கும் இடத்துக்கு வருவோம். பொறியாளருக்கு மிக மிக அவசியமான இணைப்பு, சுவரின் மேல்விளிம்பும் கூரையும் சேருமிடம். அங்கே சுவரைக் கூரையோடு கட்டிப்போட்டு, கூரை மட்டத்தில் ஒரு விறைப்பான தளத்தை அமைத்துவிட்டால், நான்கு சுவர்களும் தனித்தனியாக ஆடாமல் ஒரு பெட்டிபோல் சேர்ந்து ஆடும். மூடி போட்ட அட்டைப்பெட்டியையும் மூடியில்லாத அட்டைப்பெட்டியையும் கையால் நசுக்கிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதே இடத்தில்தான், சுவரும் சீலிங்கும் சேரும் அந்த மூலையில்தான், கட்டடத்தின் ஆகச் சிறந்த சுதை வேலையான கார்னிஸ் ஓடுகிறது.

உள்ளேயிருந்து வேலை செய்வது ஒப்பந்ததாரருக்கு வசதி. கார்னிஸை உடைத்து எடு, ஆங்கரை (சுவருக்குள் பதிக்கும் பிடிப்பு போல்ட்டை) அடி, மூடு, அச்சில் வார்த்த புதிய கார்னிஸை ஒட்டு. மேலேயிருந்து வேலை செய்வது கஷ்டம். கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட இருட்டில், சட்டத்துக்குச் சட்டம் தவழ்ந்து, சீலிங்கை மிதிக்காமல், பிளைவுட் பலகைகளைத் துண்டு துண்டாக உள்ளே ஏற்றி, சட்டங்களின் முதுகில் திருகிப் பிணைத்து, கார்னிஸுக்கு மேலே மறைந்திருக்கும் சுவர்ப் பகுதியில் போல்ட் போட வேண்டும். ஆள்கூலி கூடும். ஆனால் கீழே ஒரு துளைகூட விழாது. எந்த வழி என்பதை எழுதும் அந்த ஒரு முடிவில்தான் கார்னிஸின் ஆயுள் இருக்கிறது. அதை எடுக்கும் நேரத்தில் சாக்பீஸ் வட்டங்கள் போட்ட தாள் மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லவருவது. தாள் இருந்தால், ஏற்கெனவே நைந்துபோய் எப்படியும் எடுத்தாக வேண்டிய பகுதி எது என்று தெரியும். ஆங்கரை அங்கே நகர்த்தலாம். இரண்டு வலியை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சுவரைப் பொறுத்தவரை பல வழிகள். உள்முகத்தில் கம்பிவலை கட்டிக் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பது பழைய முறை. பலம் கிடைக்கும், பூச்சு மொத்தமும் போகும், சுவரின் எடையும் கூடும். சுவரின் உச்சியிலிருந்து செங்குத்தாக அடிவரை துளைபோட்டு உள்ளே எஃகுக் கம்பி இறக்கிக் கலவை நிரப்புவது இன்னொரு முறை. இரு முகங்களும் தப்பிக்கும் என்பதால் மரபுக் கட்டடப் பாதுகாவலர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் துளையிடும் கருவியைக் குளிர்விக்கத் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிச் சில வாரத்தில் பூச்சில் உப்பாகப் பூக்கும். உலர் துளைதான் நல்லது. சுவரின் வெறும் பூச்சுப் பகுதிகளில் கண்ணாடி இழையோ பசால்ட் பாறை இழையோ கொண்ட வலையைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, பூச்சுக்குள் பூச்சாக மறைத்துவிடுவது இப்போது பரவிவருகிறது. கட்டடத்தையே ரப்பர் தாங்கிகளின் மேல் ஏற்றி, தரையின் ஆட்டத்திலிருந்து பிரித்துவிடுவது எல்லாவற்றிலும் செலவு கூடியது, பூச்சுக்கு எல்லாவற்றிலும் நல்லது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகர மாளிகைக்கும், 1990களில் நியூசிலாந்து நாடாளுமன்றக் கட்டடங்களுக்கும் அப்படிச் செய்தார்கள். ஒரு சிறிய சிற்றாலயத்துக்கு அது யானைக்குத் தங்கக் கொலுசு கணக்கு.

ஓர் ஆபத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். சுவருக்குள் சிமென்ட் கலவையைப் பாய்ச்சி வலுப்படுத்துவது சுலபமாகத் தோன்றும். ஜிப்சம் கலந்த பழைய பூச்சு உள்ள சுவரில் அது மெதுவாக வேலை செய்யும் விஷம். ஜிப்சத்தின் சல்பேட்டும் சிமென்டின் அலுமினேட்டும் ஈரத்தில் சந்தித்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது இடம் அடைத்து ஊதும். பூச்சு, வலுவூட்டல் முடிந்து நாடா வெட்டிய பிறகு, சாவகாசமாக, உள்ளிருந்து உரிந்து விழும். சிமென்ட் பழைய செங்கல்லைவிட விறைப்பானது, மூச்சும் விடாது, ஆகவே ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுண்ணாம்பில் தேங்கும். சிமென்டைத் தவிர்த்து, தண்ணீரிலேயே இறுகும் வகைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பாய்ச்சச் சொல்வது இந்தக் காரணங்களால்தான், பழமை மோகத்தால் அல்ல.

தொங்கும் பூச்சைக் காப்பாற்றுவது தனி வித்தை. வேலை தொடங்கும் முன் பஞ்சு வைத்த பலகைகளைக் கீழேயிருந்து முட்டுக்கொடுத்து அணைத்துவிடுவார்கள், துளையிடும் அதிர்வில் உதிராமல் இருக்க. பிறகு, மேலே உடைந்த மூக்குகளைப் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டி, பட்டைக்கும் பூச்சுக்கும் நடுவே பசையைச் சொட்டுச் சொட்டாக இறக்கி மீண்டும் ஒட்டுவது ஒரு வழி. கீழேயிருந்து துருப்பிடிக்காத எஃகுத் திருகை, அகன்ற வாஷரோடு, பூச்சைக் குடைந்து பட்டையிலோ சட்டத்திலோ இறுக்கி, தலையைக் கலவையால் மறைப்பது இன்னொரு வழி. பசை வேலை கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். நிலநடுக்கத்துக்கு இயந்திரப் பிடிமானம் வேண்டும். திருகு எத்தனை, எங்கே என்று எண்ணிச் சொல்லலாம். பசை எவ்வளவு தூரம் பரவியது என்று யாரால் சொல்ல முடியும்? பழைய காலத்தில் மேலே ஜிப்சத்தை வாளி வாளியாக ஊற்றி இறுக்கிய சீலிங்குகளும் உண்டு. அது தாங்க வேண்டியதன் எடையையே கூட்டிவிட்ட வைத்தியம்.

ஓட்டுக்கட்டை

எடுத்தே ஆகவேண்டிய கார்னிஸை எப்படித் திரும்பச் செய்கிறார்கள்? பலர் நினைப்பதுபோல் அது செதுக்குவதல்ல, ஓட்டுவது.

முதலில் பழைய கார்னிஸின் நல்ல பகுதி ஒன்றைக் கண்டுபிடித்து, பல தடவை அடித்த பெயின்டைப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். பத்துப் பூச்சு பெயின்டுக்கு அடியில் முந்திரிப் பருப்பு மாதிரித் தெரிந்தது உண்மையில் நரம்போடிய இலையாக இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பிறகு குறுக்கே மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டு. அந்த வெட்டில் அட்டையைச் சொருகிக் கோடிழுத்தால் கார்னிஸின் குறுக்குவெட்டு வடிவம் அப்படியே கிடைக்கும். அதைத் தகரத்தில் வெட்டி, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு மரக்கட்டையில் பொருத்தினால் ஓட்டுக்கட்டை தயார். சுவரில் ஒரு ரீப்பரைத் தண்டவாளம்போல் ஆணியடித்து அதன்மேல் இந்தக் கட்டையைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

கலவை, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் ஜிப்சமும். ஒருவர் கலவையைக் கைநிறைய அள்ளி மூலையில் எறிந்துகொண்டே முன்னே போக, இன்னொருவர் கட்டையைத் தள்ளிக்கொண்டே பின்னே வருவார். முதல் ஓட்டத்தில் கரடுமுரடாக ஏதோ ஒன்று தெரியும். இரண்டாவதில் விளிம்புகள் எழும். ஐந்தாவது ஆறாவது ஓட்டத்தில் தகரத்தின் வாயிலிருந்து பாலாடைபோல் வழிந்து, கோடுகள் கத்திமுனையாகின்றன. இதற்குள் ஜிப்சம் இறுகத் தொடங்கிவிடும். மொத்தம் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். நடுவில் போன் வந்தால் அந்த நீளம் அம்பேல். ஜிப்சம் இறுகும்போது கொஞ்சம் விரியும், சுண்ணாம்பு காயும்போது கொஞ்சம் சுருங்கும். இரண்டையும் சேர்ப்பதன் சூட்சுமம் அதுதான். ஜிப்சம் விரிவதால் கட்டை இறுக்கிக்கொள்ளும். அனுபவசாலி அதை முன்கூட்டியே உணர்ந்து அடிக்கலவை ஓட்டும்போதே தகரத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு வைத்து இடம் விட்டிருப்பார்.

மூலைகளில் கட்டை நுழையாது. இரண்டு பக்கத்திலிருந்து வரும் கோடுகளை அங்கே ஒரு நீண்ட எஃகுத் தகட்டால், கையாலேயே இழுத்துச் சந்திக்க வைக்க வேண்டும். ஒரு பூச்சுக்காரரின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

பழைய கார்னிஸ் கையால் ஓட்டியது என்பதால் அதன் கோடு முழு நீளத்துக்கும் துல்லியமாக இருக்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறும், இறங்கும். கணினியில் வரைந்து இயந்திரத்தில் வெட்டிய புதுத் துண்டு ரசமட்டம் வைத்ததுபோல் நேராக இருப்பதாலேயே பழையதன் பக்கத்தில் அந்நியமாகத் தெரியும்.

சுண்ணாம்பின் வேகம் இதற்கு நேரெதிர். சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து, 100 கிலோ கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகக் குறைகிறது. தண்ணீர் ஊற்றி நீற்றி, மாதக் கணக்கில் குழியில் ஊறவைத்த பிறகே பூச்சுக்கு ஆகும். சுவரில் ஏறியதும் அது காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. வெளிப்புறத்திலிருந்து உள்ளே, மெதுவாக. வெறுமனே காய்ந்துவிட்டால் அது கல்லாகாது, பொடியாகும். ஆகவே ஈரத்துணி தொங்கவிட வேண்டும், காற்றோட்டம் அளவாக இருக்க வேண்டும், ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்தக் கூடாது. மூன்று கை பூச்சுக்கு நடுவே வாரக் கணக்கில் காத்திருப்பு. கட்டுமான அட்டவணையில் இந்தக் காத்திருப்புக்கு இடம் இருக்காது. பூச்சு முடிந்த மாதமே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து வாயை அடைத்துவிடுவது நான் அறிந்தவரை மிகப் பரவலான தவறு. அடியில் சுண்ணாம்பு மூச்சுமுட்டி மாவாகவே கிடக்கும்.

எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது

முழுச் சீலிங்கும் போய்விட்டால் அதே கனத்த சுண்ணாம்பைத் திரும்பப் பூசுவதா, இலேசான வார்ப்பு போடுவதா என்ற சண்டை எல்லா இடத்திலும் உண்டு. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியாக 1964இல் உருவான வெனிஸ் சாசனம், மாற்றுப் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. மரபு முறை போதாதபோது, சோதித்துப் பார்த்த நவீன முறையைச் சேர்க்கவும் அது இடம் தருகிறது. மரபில் ஊறியவர்கள் சுண்ணாம்புதான் என்பார்கள். நான் இந்த ஒரு விஷயத்தில் பொறியாளர் பக்கம். நிலநடுக்க விசை என்பது எடை பெருக்கல் முடுக்கம். முடுக்கம் நம் கையில் இல்லை, எடை இருக்கிறது. ஆக, நிற்கிற பழைய சுண்ணாம்பை எவ்வளவு பாடுபட்டாவது நிறுத்துவோம். விழுந்துவிட்ட இடத்தில், தலைக்கு மேலே, இழை வைத்த மெல்லிய வார்ப்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவோம். சுவரில், தலைக்கு மேலே இல்லாத இடத்தில், சுண்ணாம்பே இருக்கட்டும். சிற்றாலயத்தில் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதையும் இந்த எடைதான் தீர்மானிக்கிறது என்பார்கள் இசைக்காரர்கள். கனத்த பூச்சு கீழ்ச்சுருதியைத் திருப்பி அனுப்பும், மெல்லிய பலகை விழுங்கிவிடும். அவர்கள் சொல்வது சரிதான். இருந்தாலும் என் முடிவில் மாற்றமில்லை.

சட்டம் இதிலெல்லாம் நுழைவதில்லை. நியூசிலாந்தில் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகள், அதே இடத்தில் கட்டும் புதிய கட்டடத்துக்குரிய நிலநடுக்கத் தரத்தில் 34 சதவீதத்தைக்கூட எட்டாத கட்டடங்களை அபாயப் பட்டியலில் சேர்த்தன. மிதமான நிலநடுக்கத்திலேயே இடிந்து ஆளைக் கொல்லுமா என்பதுதான் அந்த விதிகளின் அளவுகோல். எண் வாசலைத் தாண்டினால் போதும் என்று நின்றுவிட்டால், சுவர் தேறிய கட்டடத்தில் சீலிங் தேறாமலே இருக்கக்கூடும்.

வேலை முடிந்து சாரம் இறங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. கூரைக்குள் ஏறிப் பார்க்க ஒரு கதவு, சீலிங்கை மிதிக்காமல் நடக்க ஒரு பலகைப் பாதை, எரியும் ஒரு விளக்கு. அந்தக் கதவின் உட்புறத்தில், எந்தச் சட்டத்தில் எத்தனை திருகு, எந்த வார்ப்பை எந்தக் கம்பி பிடித்திருக்கிறது என்று எண் போட்ட வரைபடம் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். சாக்பீஸ் வட்டங்கள் போட்ட அந்த முதல் தாளின் நகலும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆட்டம் வந்த மறுநாள் டார்ச்சோடு ஏறுகிறவருக்கு, எங்கே முதலில் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.